நிலம் அளக்கும் கலை: புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் கணக்கு

தோட்டத்தின் எல்லையோரத்தில், மூன்று கால்களின்மீது நிற்கும் சிறு கருவியையும், அதனுள் ஒரு கண்ணால் நோக்கும் அளவையாளரையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தொலைவில் ஒருவர் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய குறிக்கம்பைப் பிடித்து நிற்பார். நிலத்தை அளக்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனால், அந்த அளவு சரியானதுதான் என்பதை அவர்கள் எவ்வாறு உறுதி செய்கிறார்கள்? கட்டுமானப் பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது தொடக்கப் பாடங்களுள் ஒன்று. நிலம் வாங்க எண்ணும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்களும் நிலத்திற்கு உரிமையாளராக வேண்டும் என்ற நோக்குடன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு தோட்டமாயினும் ஒரு வீட்டு மனையாயினும், அதன் உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மூலைகளில் நட்ட எல்லைக்கற்களே காட்டுகின்றன. அக்கற்களின் இடத்தை முடிவு செய்வது அளவையாளரின் கணக்கு.

தியோடலைட் என்னும் கருவி

தியோடலைட் கோணங்களை அளக்கும் கருவி. அதில் ஒரு தொலைநோக்கியும், பாகைகள் குறித்த இரு வட்டங்களும் உள்ளன. கிடையாக அமைந்த வட்டம் இடவலமாகத் திரும்பும் கோணத்தையும், நிமிர்ந்து நிற்கும் வட்டம் மேல்கீழாகச் சாயும் கோணத்தையும் காட்டும். ஒரு பாகை 60 கலைகளாகவும், ஒரு கலை 60 விகலைகளாகவும் பிரிக்கப்படும்.

கருவியை முதலில் தூக்குக்குண்டின் துணைகொண்டு தரையில் அடித்த முளைக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். பின்னர், குமிழி நடுவில் நிற்கும்வரை திருகுகளைத் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு கோணத்தையும் தொலைநோக்கியைப் புரட்டி மறுமுறையும் அளந்து, இரண்டின் சராசரியைக் கொள்வர். கருவியின் அமைப்பிலுள்ள சில குறைகள் இதனால் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.

இத்துணைக் கவனம் ஏன்? கோணத்தில் ஒரே ஒரு கலை பிழைத்தால், 100 மீட்டர் தொலைவில் புள்ளி ஏறக்குறைய 3 செண்டிமீட்டர் விலகும். 300 மீட்டரில் அது 9 செண்டிமீட்டர் ஆகிவிடும்.

தொடர்கோட்டு அளவை

பால்வெட்டச் செல்லும் தொழிலாளி முதல் மரத்தில் தொடங்கி, தம் நிரைகளைச் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருகிறார். டிராவர்ஸ் எனப்படும் தொடர்கோட்டு அளவையும் அத்தகையதே. அளவையாளர் ஒரு முளையில் தொடங்கி, ஒவ்வொரு முளையிலும் கருவியை நிறுத்தி, பின்முளைக்கும் முன்முளைக்கும் இடைப்பட்ட கோணத்தை அளக்கிறார். முளைகளுக்கு இடையிலுள்ள நீளத்தையும் அளந்துகொண்டு, நிலத்தைச் சுற்றி முதல் முளைக்கே திரும்புகிறார். இவ்வாறு திரும்பி வருவதே அவருடைய வேலையைச் சோதிக்கும் வழி.

முதற் சோதனை கோணங்களுக்கு. நான்கு பக்க உருவத்தின் உட்கோணங்களைக் கூட்டினால் 360 பாகை வர வேண்டும். ஐந்து பக்கமாயின் 540 பாகை. பக்கங்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180 ஆல் பெருக்குவதே விதி. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்:

முதல் முளை: 88 பாகை 14 கலை 20 விகலை
இரண்டாம் முளை: 95 பாகை 30 கலை 40 விகலை
மூன்றாம் முளை: 84 பாகை 20 கலை 10 விகலை
நான்காம் முளை: 91 பாகை 55 கலை 50 விகலை
கூட்டுத்தொகை: 360 பாகை 1 கலை

ஒரு கலை, அதாவது 60 விகலை, மிகுதியாக உள்ளது. இது வேலைக்கு வகுத்த வரம்பிற்குள் இருப்பின், ஒவ்வொரு கோணத்திலும் 15 விகலை குறைத்துச் சரி செய்யலாம். வரம்பை மீறினால் மீண்டும் அளப்பதே முறை.

இரண்டாம் சோதனை இடத்திற்கு. ஒவ்வொரு பக்கமும் வடக்கு தெற்காக எவ்வளவு சென்றது, கிழக்கு மேற்காக எவ்வளவு சென்றது என்று அதன் நீளத்தையும் திசைக்கோணத்தையும் கொண்டு கணக்கிடுவர். புறப்பட்ட இடத்திற்கே திரும்பியவர், வடக்கே சென்ற அளவு தெற்கேயும் சென்றிருக்க வேண்டும். கிழக்கும் மேற்கும் அவ்வாறே. மொத்தம் 800 மீட்டர் சுற்றியதில் வடக்கில் 6 செண்டிமீட்டரும், கிழக்கில் 8 செண்டிமீட்டரும் மிஞ்சியதாகக் கொள்வோம். 6-இன் வர்க்கமும் 8-இன் வர்க்கமும் சேர்ந்து 100. அதன் வர்க்கமூலம் 10. ஆகவே, மூடும் பிழை 10 செண்டிமீட்டர். 800 மீட்டருக்கு இது 8,000-இல் ஒரு பங்கு.

இதனைப் பக்கங்களின் நீளத்திற்கு ஏற்பப் பங்கிட்டுக் கழிப்பது பௌடிட்ச் விதி. 200 மீட்டர் நீளமுள்ள பக்கம் மொத்தச் சுற்றில் கால் பங்கு. ஆதலால் அப்பக்கம் வடக்கில் 1.5 செண்டிமீட்டரும் கிழக்கில் 2 செண்டிமீட்டரும் ஏற்கும்.

மாணவர்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கணக்கு மூடியதாலேயே எல்லாம் சரியென்று கொள்ளலாகாது. 30 மீட்டர் அளவு நாடா இழுபட்டு 3 செண்டிமீட்டர் நீண்டிருந்தால், எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்தில் பிழைபடும். உருவம் அழகாக மூடும்; பரப்போ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எனவே நாடாவையும் சரியான ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இக்காலத்தில் கோணத்தையும் தொலைவையும் ஒருங்கே அளக்கும் மின்னணுக் கருவிகளும், துணைக்கோள்களைக் கொண்டு இடமறியும் கருவிகளும் வந்துவிட்டன. வேகம் கூடியுள்ளது, ஆயினும் அளந்ததை மற்றொரு வழியில் சோதித்துப் பார்க்கும் நெறி மாறவில்லை.

எல்லைக்கல்லைக் காப்போம்

இத்தனை உழைப்பின் பயனாக நடப்பட்டதே எல்லைக்கல். அதைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி குற்றமாகும். கல்லைக் காணவில்லையெனில் நாமாகவே ஒரு கல்லை நடாமல் நில அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நிலம் வாங்குவோர், விற்பவர் விரல் நீட்டிக் காட்டும் மரத்தையும் ஓடையையும் நம்பிப் பணம் கொடுத்தல் கூடாது. பட்டாவிலுள்ள படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை நடந்து கற்களைக் கண்ணால் கண்டு, புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வருதல் வேண்டும். ஐயம் எழுந்தால் உரிமம் பெற்ற அளவையாளரை நாடுவதே நலம். ஆண்டுக்கணக்கில் சேமித்து வாங்கும் நிலத்திற்கு ஒருநாள் நடை பெரிதன்று.