பூனை வீட்டில் எறும்பா?

அஸ்தம்பட்டியில் மழைக்கு வீட்டுக்குள் ஏறும் எறும்புகளை விரட்ட, பூனைக்கு ஆபத்தில்லாத வழிகள்:

● எறும்புச் சாக்பீஸ், மருந்துப்பொடி வேண்டாம். பலவற்றிலும் பைரித்ராய்டு நஞ்சு உண்டு. அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே நடுக்கம், வலிப்பு வரலாம்.

● கற்பூரம், அந்துருண்டை, பினாயில், யூகலிப்டஸ் தைலமும் ஆகாது.

● எறும்புச் சாரையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அவை வழிகாணும் வாசனைத் தடம் அழியும்.

● பூனையின் சோற்றுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

● சுவர் விரிசலை வெள்ளைச் சிமெண்டால் அடையுங்கள்.

● மருந்து பட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து உறையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.