சிறையும் சிறகும்



நம்ம சுரண்டைப் பக்கம் மாட்டைக் கட்டுற இடம் தொழு. ஆடுகளை வயல்ல ராத்திரி அடைச்சா கிடை. அடுத்தவர் வெள்ளாமையில மேய்ஞ்ச மாட்டைப் பிடிச்சு அடைச்சா பவுண்டு. 1871-ஆம் வருஷக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி தண்டம் கட்டித்தான் மீட்கணும். கடனுக்குப் பொருளை எடுத்தா ஜப்தி. முதல் ரெண்டும் காவல், அடுத்த ரெண்டும் தண்டனை.

இப்போ 'சிறை'யைப் பாருங்க. அடைக்கிற இடம்தான், ஆனா பழந்தமிழில் சிறகுக்கும் அதே பேர்! தேவர்களைச் சிறையில அடைச்சவன் சூரபத்மன். முருகன் அவங்களை மீட்டார். சூரனை அடைக்கலை, மயிலும் சேவலுமா மாத்தி, சிறகு கொடுத்தார்.

நாம யார் மேல உள்ள கோபத்தை மனசுல பூட்டி வச்சிருக்கோம்? அடுத்த தடவை இலஞ்சிக் குமாரர் முன்னாடி நிக்கும்போது, அந்தப் பூட்டைத் திறந்துருவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!