சாண எரிவாயு அடுப்பு பற்றவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டறியும் முறை

மார்கழிப் பனியில் விடியற்காலை பால் காய்ச்சப் போனால், குச்சி மேல் குச்சி தீர்கிறதே தவிர அடுப்பு பற்றுவதில்லை என்பது சாண எரிவாயுக் கலன் வைத்துள்ள வீடுகளில் அடிக்கடி சொல்லப்படும் குறை. இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, கலனே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, சாணத்தை மறுபடி வரட்டி தட்டப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் சும்மா கிடந்தால் டிரம் துருப்பிடித்துவிடுகிறது. செலவிட்ட பணம் போகிறது. வீட்டுப் பெண்கள் பழையபடி புகையில் கண் கசக்க வேண்டியதாகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. ஆயினும் திருமழிசை, திருநின்றவூர் போன்ற ஊர்களின் ஓரங்களில் மூன்று நான்கு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. நாள் ஒன்றுக்கு 25 கிலோ பச்சைச் சாணமும் அதே அளவு தண்ணீரும் இருந்தால் ஒரு கன மீட்டர் கலனை நடத்தலாம். ஒரு கிலோ சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கிறது. இத்தகைய கலனைக் கைவிடும் முன், கோளாறு கலனில் இருக்கிறதா, குழாயில் இருக்கிறதா, அடுப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் அது வால்வுக்கும் பர்னருக்கும் இடையிலேதான் இருக்கும். அரை மணி நேரத்தில் சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கும்.

முதலில் டிரம்மைப் பார்க்க வேண்டும்

மிதக்கும் டிரம் வகைக் கலனில் டிரம் மேலே ஏறி நிற்கிறதா, கீழே படிந்து கிடக்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. 1984-ல் வந்த தீனபந்து போன்ற குவிமாட வகையில் டிரம் கிடையாது. அங்கே சாணக் கரைசல் வெளியேறும் தொட்டியைப் பார்க்க வேண்டும். உள்ளே வாயு சேர்ந்திருந்தால் அது கரைசலைத் தள்ளி அந்தத் தொட்டியில் மட்டத்தை உயர்த்தியிருக்கும்.

டிரம் மேலே நிற்கிறது, அடுப்புக்கு வாயு வரவில்லை என்றால் குற்றம் குழாயிலோ அடுப்பிலோ இருக்கிறது. டிரம் படிந்து கிடந்தால் வாயு உற்பத்தி குறைந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிகிறது. டிரம்மும் ஏறியிருக்கிறது, வாயுவும் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் வாயுவின் தரமே கெட்டிருக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் அடைத்துக்கொண்ட பர்னருக்காகக் கலனைக் காலி செய்யும் வேலையெல்லாம் நடக்கிறது.

குழாயில் தண்ணீர்

சாண வாயு ஈரமான வாயு. பனிக்காலத்தில் குழாய் குளிரும்போது அந்த ஈரம் தண்ணீராகித் தாழ்வான இடத்தில் தேங்கி வழியை மறிக்கிறது. தீ ஏறி இறங்கித் துடிப்பதும், குபுகுபுவென்று சத்தம் கேட்பதும், எரிந்துகொண்டிருக்கும்போதே அணைவதும் இதன் அடையாளங்கள். குழாயின் தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிக்கத் திருகு வைத்திருப்பார்கள். வீட்டில் எந்த அடுப்பிலும் நெருப்பு இல்லாத வேளையில் அதைத் திறந்து, தண்ணீர் நின்று வாயு வரத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். பனிக்காலத்தில் இதை வாரம் ஒரு முறை செய்தால் போதும். திருகே இல்லாமல் குழாய் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் அதைப் பொருத்த வேண்டும். குழாயும் அந்தத் திருகை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்து கிடந்தால் அங்கெல்லாம் தண்ணீர் தங்கும். சுவருக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் தொய்வைப் பலர் கவனிப்பதே இல்லை.

டிரம் வகைக் கலனுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு கஜம் வாங்கி, ஒரு பலகையில் 'ப' வடிவில் வளைத்துக் கட்டிப் பாதி வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அடுப்பிலிருந்து கழற்றிய ரப்பர் குழாயை அதன் ஒரு வாயில் செருகி, டிரம் வால்வைத் திறக்க வேண்டும். இரு கால்களிலும் உள்ள தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருந்தால் அழுத்தம் சரி. மட்டம் அசையவே இல்லை என்றால் வழியில் அடைப்பு இருக்கிறது. பிறகு டிரம் வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மட்டம் மெல்ல இறங்கினால் குழாய் கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். தீக்குச்சியைப் பிடித்துக் கசிவு தேடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை அறவே விட வேண்டும்.

பர்னர் சொல்லும் சேதி

தீ நீலமாகவும் அசையாமலும் எரிய வேண்டும். மஞ்சளாக நீண்டு எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. ஒரு பங்கு சாண வாயு எரிய ஐந்து முதல் ஆறு பங்கு காற்று வேண்டும். அதை உள்ளே விடுவதற்காகவே பர்னருக்கு முன்னால் குழாயில் ஓட்டையும், அதை மூடித் திறக்கும் தகடும் உள்ளன. தகட்டை முழுதும் மூடிப் பற்றவைத்து, மஞ்சள் தீ நீலமாகும் வரை மெல்லத் திறந்து, தீ பர்னரை விட்டு எழும்பத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும்.

தீ எழும்பி எழும்பி அணைந்தால் காற்று மிகுதி, அல்லது வாயு மிக வேகமாக வருகிறது. குவிமாட வகையில் இரவெல்லாம் சேர்ந்த வாயு காலையில் வேகமாக வரும், மாலையில் சோர்ந்துவிடும். ஆகவே காலையில் வால்வைப் பாதி திறந்தாலே போதும். 'டப்' என்ற சத்தத்துடன் தீ உள்வாங்கிக் குழாய்க்குள் எரிந்தால், உடனே அடைத்துவிட்டுப் பர்னர் ஆறிய பின்பு காற்றைக் குறைத்துப் பற்றவைக்க வேண்டும்.

தீ சிறுத்து, சில துளைகளில் மட்டும் எரிந்தால் அடைப்புதான். பால் பொங்கி வழிந்ததும் கஞ்சி கொட்டியதும் காய்ந்து துளைகளை மூடியிருக்கும். பர்னர் மூடியை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெயிலில் நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். உள்ளே கலக்கும் குழாயில் சிலந்தியும் குளவியும் கூடு கட்டுவது உண்டு. மாதக்கணக்கில் எரியாத அடுப்பில் இதை முதலில் பார்க்க வேண்டும். வாயு வரும் ஜெட்டின் சிறு துளையை மெல்லிய செம்புக் கம்பியால்தான் நீக்க வேண்டும். தையல் ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, அடுப்பு அதன்பின் ஒழுங்காக எரியாது.

சிலிண்டர் அடுப்பில் சாண வாயுவை இணைத்துவிட்டு, கலன் சரியில்லை என்று குறை சொல்பவர்கள் இப்போது அதிகம். சிலிண்டர் வாயுவுக்குக் காற்று நான்கைந்து மடங்கு கூடுதலாக வேண்டும், அழுத்தமும் அதிகம், எனவே அதன் ஜெட் மிகச் சிறியது. அதில் சாண வாயு ஊசி போலத்தான் எரியும். துளையைப் பெரிதாக்கிக்கொண்ட அடுப்பை, சாண வாயு போதாத நாளில் மறந்துபோய்ச் சிலிண்டரில் மாட்டினால் தீ ஆளுயரம் எழும். சாண வாயுவுக்கென்றே செய்த அடுப்பை வாங்குவதே நல்லது. சாண வாயு பற்றுவதற்குச் சூடும் கூடுதலாக வேண்டும்; லைட்டரின் பொறிக்கு எட்டாவிட்டால் தீக்குச்சி பயன்படுத்தலாம். குச்சியைக் கிழித்துப் பர்னரருகே பிடித்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். முன்பே திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடக் கூடாது.

வாயு வந்தும் பற்றாவிட்டால்

நல்ல சாண வாயுவில் 55 முதல் 60 சதம் மீத்தேன் இருக்கும். மற்றது பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. கலன் புளித்துவிட்டால் கரியமில வாயு மிகுந்து, டிரம் ஏறியிருந்தும் அடுப்பு பற்றாது. இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்து மூன்று நாள் சாணத்தை ஒன்றாகக் கொட்டுவது, பழைய சோறும் புளித்த மாவும் அளவின்றிப் போடுவது, பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவிய கொட்டில் தண்ணீரை உள்ளே விடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். நீல லிட்மஸ் தாளைக் கரைசலில் நனைத்தால் சிவந்துவிடும். சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அதைவிட ஒரு வாரம் சாணம் போடாமல் நிறுத்தி, எரியாத வாயுவை வெளியே விட்டு, நன்றாக நடக்கும் கலனிலிருந்து இரண்டு மூன்று வாளி கரைசல் வாங்கி ஊற்றுவதே மேல்.

கலனில் உள்ள நுண்ணுயிர்கள் 35 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 20 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும். ஆகவே பனிக்காலத்தில் வெயிலில் வைத்த தண்ணீரில் சாணத்தைக் கரைத்து நடுப்பகலில் ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் உள்ளே புகுந்தால் கரைசல் நீர்த்து வாயு குறையும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் நின்றதைப் பார்த்தவர்கள் சாணம் ஊற்றும் தொட்டியின் விளிம்பைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவார்கள்.

உள்ளே இறங்கக் கூடாது

அடைப்பெடுக்கக் கலனுக்குள் ஆளை இறக்குவது உயிருக்கு ஆபத்து. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைத்தவர் அங்கேயே விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். நீண்ட மூங்கிலால் மேலிருந்தே கலக்கிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வேலை இருந்தால் தக்க கருவிகளுடன் வரும் பயிற்சி பெற்றவர்களிடம் விட வேண்டும்.

பழுது பார்த்துப் புதிதாகச் சாணம் நிரப்பிய கலனில் முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைக் குழாய் வாயில் கொளுத்திப் பார்த்தால் தீ உள்ளே ஓடி டிரம் வெடிக்கக் கூடும். முதல் முறை ஏறிய டிரம்மைப் பற்றவைக்காமல், அக்கம்பக்கத்தில் பீடி நெருப்புக்கூட இல்லாதபடி பார்த்துக்கொண்டு, திறந்தவெளியில் முழுவதும் காலி செய்ய வேண்டும். டிரம் மீண்டும் நிறைந்த பிறகே வாயுவை அடுப்புக்குக் கொண்டுவந்து பற்றவைத்துப் பார்க்க வேண்டும்.