அளந்து வரைவோம்: கணினி வரைபடக் கலையின் அரிச்சுவடி

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் பொருளைப் பால்மரம் வெட்டும் தொழிலாளர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒட்டு மரத்தின் வெட்டுக்கோடு 30 பாகை சரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தகர அச்சை மரத்தில் பொருத்திக் கோடு கீறிய பின்னரே உளி வைக்கப்படுகிறது. உளி சற்று ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். புதிதாகக் கன்று நடும்போதும் கயிறு பிடித்து, முளையடித்து, நிரை பார்த்த பின்னரே குழி வெட்டுகிறார்கள்.

மரத்திற்குக் காட்டும் இந்தக் கவனத்தை நாம் வீட்டிற்குக் காட்டுகிறோமா? பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு ஒருவர் தம் வீட்டின் சமையலறையை விரிவாக்க எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, கட்டம் ஒன்று வரைந்து, "இப்படித்தான் வேண்டும்" என்று குத்தகையாளரிடம் கொடுக்கிறார். சுவர் எழும்பிய பிறகுதான் கதவைத் திறந்தால் அடுப்பு மேடையில் இடிக்கும் என்பது தெரிகிறது. யாரைக் குறை சொல்வது? தாளில் அளவே இல்லையே! சுவரை இடிக்கவும் பணம் வேண்டும். மீண்டும் எழுப்பவும் பணம் வேண்டும்.

இத்தகைய இழப்பிலிருந்து நம்மைக் காப்பது அளவுத்திட்ட வரைபடம். அதனைக் கணினியில் வரையும் முறையின் முதற்படிகளை இங்குக் காண்போம்.

கணினி எதற்கு?

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். கணினித் திரையிலேயே கோடுகளை வரைந்து திருத்த முடியும் என்பதை அது காட்டியது. 1982ஆம் ஆண்டில் 'ஆட்டோகேட்' வெளிவந்த பின்னர் இக்கலை சிறிய அலுவலகங்களுக்கும் எட்டியது. இன்று 'லிப்ரேகேட்' போன்ற நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் பாடம் படிக்கப் பயன்படுத்தும் சாதாரணக் கணினியே இதற்குப் போதும்.

அளவுத்திட்டம் 1:50 என்றால், தாளில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மில்லிமீட்டரைக் குறிக்கும். கையால் வரையும்போது ஒவ்வோர் அளவையும் 50ஆல் வகுத்துக்கொண்டே வரைய வேண்டும். ஒருமுறை கணக்குத் தவறினால் படமும் தவறும். கணினியிலோ உண்மை அளவிலேயே வரைகிறோம். 4 மீட்டர் சுவர் என்றால் 4000 மில்லிமீட்டர் என்றே கொடுக்கிறோம். அச்சிடும்போது மட்டுமே சுருக்குகிறோம்.

பாடம்: 4 மீட்டருக்கு 3 மீட்டர் சமையலறை

முதலாவது படி, அளத்தல். அளவு நாடாவைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். நீளம் 4000, அகலம் 3000 எனில் குறுக்களவு இரண்டும் 5000 இருத்தல் வேண்டும். இரண்டும் வேறுபட்டால் அறை கோணலாக உள்ளது எனப் பொருள்.

இரண்டாவது படி, ஆயத்தம். நிரலைத் திறந்து, அளவை மில்லிமீட்டர் எனத் தேர்ந்தெடுங்கள். சுவர், கதவு, அளவு என மூன்று அடுக்குகளை உருவாக்குங்கள். ஓர் அடுக்கை மறைத்து மற்றொன்றை மட்டும் பார்க்க இது உதவும்.

மூன்றாவது படி, கோடு வரைதல். கோட்டுக்குரிய கட்டளையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கப் புள்ளியாக 0,0 என்ற அச்சுத்தூரத்தைக் கொடுங்கள். அடுத்து @4000,0 என்றும், @0,3000 என்றும், @-4000,0 என்றும், @0,-3000 என்றும் வரிசையாகக் கொடுங்கள். '@' என்ற குறி, 'இப்போது நிற்கும் இடத்திலிருந்து' எனப் பொருள்படும். கோடு புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து அறை உருவாகிவிடும்.

நான்காவது படி, சுவரின் கனம். இணைகோடு வரையும் கட்டளையால் 115 மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளிக் கோடுகளை வரைந்தால், அது அரைச்செங்கல் சுவரின் கனமாகும்.

ஐந்தாவது படி, கதவும் மேடையும். 900 மில்லிமீட்டர் அகலத்தில் கதவுக்கு இடம் விட்டு, கதவு திறக்கும் வழியை வில்லாக வரையுங்கள். 600 மில்லிமீட்டர் அகலத்தில் அடுப்பு மேடையையும் வரையுங்கள். வில் மேடையைத் தொடுகிறதா? தொட்டால் கதவை இப்போதே நகர்த்திவிடலாம். திரையில் நகர்த்த ஒரு காசும் செலவில்லை!

ஆறாவது படி, அச்சிடுதல். அளவுத்திட்டம் 1:50 எனக் குறிப்பிடுங்கள். தாளின் பரப்பிற்கேற்பச் சுருக்கும் வசதியைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். அது அளவைக் கெடுத்துவிடும். அச்சான தாளில் அறையின் உட்புற நீளத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 80 மில்லிமீட்டர் இருந்தால் படம் சரி. அகலம் 60, குறுக்களவு 100 இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கணினி தானாகத் தவறு செய்வதில்லை. ஆனால், நாம் தந்த தவற்றைச் சிறிதும் மாற்றாமல் வரைந்து காட்டும். கோணலான அறைக்கு நேர்க்கோணத்தில் அளவு கொடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். அத்தகைய அறைக்கு முதலில் ஒரு சுவரை வரையுங்கள். அதன் ஒரு முனையில் பக்கச் சுவரின் நீளத்தையும், மறுமுனையில் குறுக்களவையும் ஆரமாகக் கொண்டு இரு வட்டங்கள் வரையுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடமே உண்மையான மூலை.

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, வீட்டை விரிவாக்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். நாம் வரைந்த படம் அந்த அனுமதிக்கு ஈடாகாது. தகுதிபெற்றவரின் பணிக்கும் மாற்றாகாது. ஆனால் நமக்கு வேண்டியதை அவரிடம் தெளிவாகச் சொல்லவும், குத்தகையாளரின் வேலையை நாமே அளந்து சரிபார்க்கவும் அது துணைசெய்யும். படம் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதன்று.

பிள்ளைகளுக்கும் இது நல்லதொரு தொடக்கம். கட்டடம், இயந்திரம், குழாய் அமைப்பு என எத்துறையிலும் வரைபடம் இன்றி வேலை நடப்பதில்லை. இத்துறையில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. மாலை வேளையில் தந்தை அளவு நாடாவைப் பிடிக்க, மகள் அளவைக் கணினியில் பதிவு செய்யட்டும். தந்தையின் கையில் உள்ள நுட்பமும் மகளின் கல்வியும் ஒரே தாளில் கூடும்.

பயிற்சி: உங்கள் வீட்டு முன்னறையை அளந்து, 1:50 அளவுத்திட்டத்தில் வரைந்து அச்சிடுங்கள். குறுக்களவு இரண்டையும் தாளிலும் தரையிலும் அளந்து ஒப்பிடுங்கள். தாளின் அளவை 50ஆல் பெருக்கினால் தரையின் அளவு வருகிறதா? வந்தால் முதற்பாடத்தில் நாம் தேர்ந்துவிட்டோம். வராவிட்டால் வருந்த வேண்டாம். நாடாவை எடுத்து மீண்டும் அளப்போம்.