கூழாங்கல் சொன்ன பாடம்



போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. "டைரக்டர் ஆகணும்னா பணம் வேணும்டா. இல்லேன்னா சினிமாவுல சொந்தக்காரங்க இருக்கணும். நமக்கெல்லாம் அது ஆவாது" என்றான் நண்பன் ஒருவன். நானும் தலையாட்டினேன். பிறகுதான் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் பற்றிப் படித்தேன். நாங்கள் பேசியது பாதிதான் சரி என்று தெரிந்தது.

1. வந்த வழி

வினோத்ராஜ் மதுரைப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. மதுரை பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தார், பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி. அங்கிருந்து சென்னைக்குப் போய் ஒரு டி.வி.டி. கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எதற்குத் தெரியுமா? படம் பார்க்கலாம் என்பதற்காக! அந்தக் கடைதான் அவருக்குக் கல்லூரி. அப்புறம் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களை 'களவாணி' (2010) படத்தில் காட்டிய சற்குணத்திடம் உதவி இயக்குநராக இருந்தார். மணல்மகுடி நாடகக் குழுவிலும் வேலை செய்தார்.

2. கதை கிடைத்த இடம்

அவருடைய அக்கா-தங்கையில் ஒருவரைப் புகுந்த வீட்டில் விரட்டிவிட்டார்கள். கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய் வீட்டுக்கு வந்தார். அதே தூரத்தைப் புருஷன்காரன் நடந்தால் எப்படி இருக்கும் என்று வினோத்ராஜ் யோசித்தார். கோபம் கதையாக மாறியது. அதுதான் 'கூழாங்கல்'.

3. எடுத்த விதம்

குடிகார அப்பா கணபதி, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவரப் போகிறார். திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துவிடுகிறான். வெயிலில் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில், கொளுத்தும் வெயிலிலேயே எடுத்தார்கள். படம் 75 நிமிடம்தான்.

தாகம் அடங்க வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே நிறைய கூழாங்கற்கள்! எத்தனை தடவை இப்படி நடந்திருப்பான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு வசனமும் இல்லை.

கடைசியில் ஒரு பெண் குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். எனக்கு எங்க அப்பாயி ஞாபகம் வந்தது. மேட்டூர் மூடிய பிறகு, கோடையில் வெட்டாற்று மணலில் ஊற்று தோண்டி, தெளியுற வரைக்கும் காத்திருந்து மொள்ளுவோம்னு சொல்லும். நான் அதைக் கதை என்று நினைத்ததே இல்லை.

4. கிடைத்த பலன்

கோவா பிலிம் பஜாரில் படத்தைப் பார்த்த இயக்குநர் ராம் அதைப் பற்றிப் பாராட்டி எழுதினார். விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தயாரிப்பாளர்களாக வந்தார்கள். ஆக, பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே படம் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது கிடைத்தது. அதே வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுதான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ படிப்பை விட்டுடலாம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! படிப்பு நின்றது அவருக்கு வந்த கஷ்டம், அதிர்ஷ்டம் இல்லை. எங்கள் பெஞ்சில் இருந்த ஒருவன் பத்தாவது முடித்ததும் திருப்பூர் போய்விட்டான். அவனைப் பற்றி நாங்கள் பேசுவதையே விட்டுவிட்டோம். 'போனவன் போனவன்தான்' என்று நினைத்தது தப்பு. பொங்கலுக்கு வரும்போது அங்கே என்ன பார்த்தான் என்று அவனிடம் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

பயிற்சி: உங்கள் வீட்டில் பெரியவர்கள் நடந்துபோன தூரம் ஒன்றைக் கேளுங்கள். ஏன் நடந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒரு பக்கம் எழுதி வாருங்கள். அடுத்த சுவரிதழில் ஒட்டுவோம்.

- பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு