ஆனேக்கல் மாடுகளுக்குக் குடற்புழு மருந்து: எதை, எதற்கு, எப்போது

கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் பசுவையும் காளையையும் இறைச்சிக்காக வெட்டுவதைத் தடை செய்துள்ள நிலையில், ஒசூரை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தில் மாடுகள் பெரும்பாலும் பாலுக்காகவே வளர்க்கப்படுகின்றன. ஆகவே, இறைச்சி மாடு வளர்க்கும் நாடுகளின் குடற்புழு நீக்க முறையை இங்கே அப்படியே கைக்கொள்ள இயலாது. புழுவைக் கொல்லும் திறனோடு, மருந்து பாலில் எவ்வளவு இறங்கும், சினைக்கு ஊறு செய்யுமா என்பனவும் தேர்வைத் தீர்மானிக்கின்றன.

உருண்டைப்புழுக்களில் இரு வகையை முதலில் பிரித்தறிய வேண்டும். டாக்சோகாரா விட்டுலோரம் என்னும் பெரும்புழுவின் இளம்பருவம் தாய்ப்பால் வழியே கன்றுக்குள் புகுவதால், அது வளர்ந்து முட்டையிடுமுன், கன்று பிறந்த இரண்டாம் வாரத்திலேயே மருந்து தருவது நன்று. பைப்பரசின் முதிர்ந்த புழுவை வெளியேற்றுமேயன்றி இளம்புழுவிடம் வலுக்குன்றும், பைரன்டெல் இரண்டின்மீதும் செயல்படும். மேய்ச்சலில் தொற்றும் ஹீமாங்கஸ், கூப்பீரியா முதலியவை மற்றொரு வகை. சாணத்திலுள்ள அவற்றின் முட்டைகள் மழைக்கால ஈரத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறுகின்றன. ஹீமாங்கஸ் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சுவதால் சோகையும் தாடையின் கீழ் வீக்கமும் தோன்றுகின்றன.

இவ்வகைக்கு மூன்று மருந்துக் குடும்பங்கள் உண்டு. முதற்குடும்பத்தில், கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் வீதம் தரப்படும் பென்பெண்டசோல் சினை மாட்டுக்கும் பாதுகாப்பானது, ஆல்பெண்டசோல் 7.5 மில்லிகிராம் அளவில் உருண்டைப்புழுவையும், 10 மில்லிகிராம் அளவில் ஏரிக்கரையில் மேயும் மாடுகளைத் தாக்கும் முதிர்ந்த கல்லீரல் தட்டைப்புழுவையும் கொல்லுமெனினும், கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் 45 நாள்களில் விலக்கத்தக்கது. இரண்டாவதான லெவமிசோல் புழுவின் தசையை முடக்குவதால், முன்னவை பலனளிக்காதபோது கைகொடுக்கும். ஆயினும் அளவு மிகின் மாட்டுக்கே நஞ்சாகும். மூன்றாவதான ஐவர்மெக்டின் 1981 முதல் கால்நடைகளுக்கு வழங்கப்பட்டுவருகிறது. இந்த ஊசி சொறிப்பூச்சியையும் அடக்குமெனினும், கொழுப்பில் தங்கிப் பாலில் பல நாள் வெளிப்படுவதால் கறவைப் பசுவுக்கு ஏற்றதன்று என்பதோடு, சாணத்தை மண்ணோடு சேர்க்கும் வண்டுகளின் இளம்பருவத்தையும் அழிக்கும்.

எதைத் தேர்ந்தாலும் அளவு குறையலாகாது. 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு 2 கிராம் பென்பெண்டசோல் தேவைப்பட, 1.5 கிராம் மாத்திரை ஒன்றோடு நிறுத்துவது வலுத்த புழுக்களைப் பிழைக்கவிட்டு மருந்தெதிர்ப்பை வளர்க்கும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் உடல் நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். மருந்துக்கு முன்பும் 14 நாள் கழித்தும் சாணத்தைப் பரிசோதித்து, முட்டை எண்ணிக்கை 95 விழுக்காடேனும் குறையவில்லையெனில், கால்நடை மருத்துவரைக் கலந்து மருந்துக் குடும்பத்தையே மாற்ற வேண்டும். வணிகப் பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

ஆகவே இளங்கன்றுக்குப் பைரன்டெல்லும், சினைக்கும் கறவைக்கும் பென்பெண்டசோலும், பால் வற்றிய மாட்டுக்குச் சொறியும் சேர்ந்திருந்தால் ஐவர்மெக்டினும் பொருத்தமானவை. கறவைப் பசுவுக்கு எம்மருந்து தந்தாலும், உறையில் குறித்த நாள் முடியும்வரை அதன் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றாதிருப்பது வளர்ப்போரின் கடமையாகும்.