இல்லத்து நீரைத் தூய்மை செய்யும் வழி

உயிர்வாழ்வார்க்குக் காற்றுக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது நீரேயாம். அந்நீரைத் தூய்மை செய்தற்கெனப் பலவகைக் கருவிகள் இந்நாளில் விற்கப்படுகின்றன. விலை மிக்கதே குணத்திலும் மிக்கது என்று கருதித் தம் வீட்டு நீரின் இயல்பை ஆராயாமலே அவற்றை வாங்குவோர் பலர். நாடி பாராது மருந்து கொடுப்பவனை நாம் மருத்துவன் என மதியோம். நீரின் குற்றம் அறியாது கருவி கொள்வதும் அத்தகையதே. ஆதலின் நீரின் குற்றங்களையும், அவ்வவற்றிற்கு ஏற்ற பரிகாரங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அக்குற்றங்கள் கலங்கல், நோய்க்கிருமி, உப்பு மிகுதி, கரைந்த நஞ்சு என நால்வகைப்படும்.

கலங்கல் கண்ணுக்குப் புலனாவது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தே தேய்த்து ஆற்றுநீரைத் தெளியவைத்தனர். படிகாரமும் அத்தொழிலைச் செய்யும். ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது.

கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே பெருங்கேடு விளைப்பன. 1892ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை அடுத்திருந்த ஆல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்து கீழே ஓடிவந்த அதே எல்பா ஆற்றுநீரைப் பருகியும் பெரும்பாலும் தப்பியது. ஹாம்பர்க் ஆற்றுநீரை வடியாமல் வழங்கிற்று; ஆல்டோனா மணற்படுகையில் மெல்ல வடித்து வழங்கிற்று. இவ்வொரு வேற்றுமையே பல்லாயிரவர் உயிரை நிறுத்தது.

இல்லத்தில் கிருமியை ஒழித்தற்கு எளிய வழி கொதிக்கவைத்தலாம். நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிஷமேனும் அடுப்பில் இருத்தி, அப்பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுதல் வேண்டும். புறஊதாக் கதிர்க் கருவியும் கிருமிகளை அழிக்கும். ஆனால் நீர் கலங்கியிருப்பின் அக்கதிர் உள்ளே செல்லாது. மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். குளோரினுக்கு ஒரு சிறப்புண்டு: அது நீரில் தங்கிப் பின்வரும் கிருமிகளையும் ஓரளவு தடுக்கும்.

உப்பு மிகுதியை நாவும் அடுக்களையும் அறியும். கடின நீரில் சோப்பு நுரையாது, பருப்பு வேகாது. கொதிக்கவைத்தலால் கடினத்தன்மையில் ஒரு பகுதி நீங்கும்; கரித்தல் நீங்காது. அதற்கு மக்கள் ஆர்.ஓ. என வழங்கும் கருவி தகுதியுடையது. இது நீரை அழுத்தத்தால் நுண்ணிய சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிப்பது. எனினும் இல்லங்களில் வைக்கும் இக்கருவிகளிற் பல, தரும் நல்ல நீரினும் மிகுதியான நீரைக் கழிவாக்குகின்றன. கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இதன் பயனைத் தடுக்குமாறு 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அரசுக்கு ஆணையிட்டமை இதுபற்றியேயாம்.

நான்காவதாகிய நஞ்சு மிகக் கொடியது. ஏனெனில் நிறத்தாலும் சுவையாலும் அது தன்னைக் காட்டாது. அவற்றுள் ஒன்று புளோரைடு. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், இதனால் பல் கறைபட்டு எலும்பு இறுகிய மக்களைக் குறித்து, ஷார்ட் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1937இல் எழுதினர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் புளோரைடு தீங்காம். கொதிக்கவைத்தல் இதனைப் போக்காது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு மிகும். குழந்தையின் நலங்கருதித் தாய் காய்ச்சிக் கொடுக்கும் நீரே அக்குழந்தைக்குத் தீங்காதலும் கூடும். இதனைப் போக்க ஆர்.ஓ. முறையும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் உள. நல்ல நீரை வேறிடத்தினின்று கொணர்தல் அவற்றினும் நன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரிநீர் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது இதன்பொருட்டே.

எனவே முதற்கண் செய்யத்தக்கது பரிசோதனை. விற்பவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புக்களின் மொத்த அளவை மட்டும் காட்டும். கிருமியையோ புளோரைடையோ காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். குற்றம் கிருமி ஒன்றே எனின் கொதிநீர் போதும். பெரும்பொருள் செலவிட வேண்டா. உப்போ புளோரைடோ மிகின் அதற்குரிய கருவியைக் கொள்க. எக்கருவி கொள்ளினும் காலந்தோறும் துலக்கி, தேய்ந்த உறுப்புக்களை மாற்றுதல் வேண்டும். பேணாத வடிகட்டி தானே கிருமிகளின் உறைவிடமாகும்.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், இல்லத்தார் எக்கருவி வாங்கலாம் என்று உம்மை வினவுவர். கருவியின் பெயரைச் சொல்லுமுன், கிணற்றுநீரை ஒரு குப்பியில் ஏந்தி ஆய்வுக்கூடம் செல்வீராக. கற்ற கல்வி இல்லத்தார்க்குப் பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்றாம்.